காது வெட்டிய டைனமோ

கடற்கரை அண்ணாச்சி தன்னுடைய பொருள் எதுவானாலும் அதில் இரண்டு வெட்டு போட்டுவிடுவார். அவருடைய செம்மறிகளுக்கு இடது காதின் கீழ் ஓரத்தில், அரை விரல் இடைவெளியில், இரண்டு வெட்டு இருக்கும். அதுதான் அவர் வீட்டு அடையாளம். நான்கு பேர் மந்தை கலந்து நின்றாலும், கண்ணை மூடிக்கொண்டு காதைத் தடவியே தன் ஆட்டைப் பிரித்தெடுத்துவிடுவார்.

ஆட்டோடு நிறுத்தியிருக்கலாம். செருப்பு வாரில் இரண்டு வெட்டு. துண்டின் ஓரத்தில், தூக்குவாளி மூடியில், செல்போன் உறையில், கடைசியில் ரேஷன் கார்டின் மூலையிலும் இரண்டு வெட்டு. ரேஷன் கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, எலி கடிச்சிட்டா?" என்று கேட்டதற்கு, "எலி இம்புட்டு அளவெடுத்தா கடிக்கும்?" என்று கோபித்துக்கொண்டவர் அவர்.

"நல்லவேளை, கல்யாணத்தன்னைக்கு அவிய கையில கத்தி இல்ல" என்பார் வெள்ளைத்தாய் மதினி, தன் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. மதினி அவருடைய மனைவி.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐம்பதாவது வயதில் அண்ணாச்சிக்கு ஒரு பழைய ஆம்னி வேன் வாய்த்தது. வாங்கிய அன்றைக்கே அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜாக்கி, ஸ்டெப்னி, பின்னால் தொங்கும் ரப்பர், முன்சீட்டைத் தூக்கினால் தெரிகிற எஞ்சின் சாமான்கள் என்று கைக்கு எட்டிய எல்லாவற்றிலும் இரண்டு வெட்டு. ஊரில் அன்று சாயங்காலம் வரைக்கும் பல் கூசியது.

அந்த வண்டியை அவர் ஓட்டுகிறார் என்று சொல்ல முடியாது. மேய்க்கிறார். மேட்டில் ஏறும்போது நாக்கைச் சொடுக்கி அதை உற்சாகப்படுத்துவார். இறக்கத்தில் "பைய, பைய" என்பார். காலையில் பெண்களைத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கொண்டுபோய் விடுகையில், ஏற்றும்போது ஒரு தரம், இறக்கும்போது ஒரு தரம் தலையை எண்ணுவார். ஒரு தடவை பிரசவத்துக்கு நாலு பேரைக் கூட்டிப் போய் அஞ்சு பேராகத் திரும்பக் கொண்டுவந்தார். "நம்ம வண்டி குட்டி போட்டுருச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அப்படிப்பட்ட வண்டியில், போன மாசி மாதம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை.

நாகலாபுரத்து மெக்கானிக் பரமசிவன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டைனமோ போச்சு அண்ணாச்சி."

கம்பெனிக்காரன் அதற்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர் வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் அது டைனமோ. வண்டி ஓட ஓடப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அது செத்துப்போனால் பேட்டரியில் மிச்சம் இருக்கிறவரை வண்டி ஓடும். பிறகு நின்ற இடத்தில் நின்றுவிடும்.

"புதுசு எவ்வளவு?"

"எட்டாயிரத்து நானூறு. கோவில்பட்டியில எபநேசர் கடையில பழசைச் சரி பண்ணி வச்சிருந்தார்னா நாலரைக்கு முடியும்."

அண்ணாச்சியிடம் இருந்தது இரண்டாயிரம். உளுந்து அறுப்பு நேரத்து மழையில் போயிருந்தது. பெட்டை ஆடுகள் எல்லாம் சினை. விற்கக்கூடியது என்று மந்தையில் பார்த்தால் ஒரே ஒரு உருப்படிதான் நின்றது. அது சேர்மன்.

சேர்மன் ஒரு கிடா. தாய் செத்துப்போனதால் வெள்ளைத்தாய் மதினி பால்புட்டி கொடுத்து வளர்த்தது. மந்தையில் முப்பத்தேழு ஆடு. அதில் ஒன்றுகூட சேர்மன் கால் வைக்காமல் ரோட்டைக் கடக்காது. லாரி ஹாரன் அடித்தாலும் சரி, அண்ணாச்சி கம்பைச் சுழற்றினாலும் சரி, எல்லாம் தலையைத் தூக்கிச் சேர்மனைப் பார்க்கும். சேர்மன் யோசிக்கும். பிறகு நடக்கும். எல்லாம் நடக்கும்.

கோவில்பட்டி ஆட்டு வியாபாரி சங்கிலிப்பாண்டி போனிலேயே ஒன்பதாயிரம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எபநேசர் கடை வாசலுக்கே வந்து பிடித்துக்கொள்வதாகப் பேச்சு.

மதினி அன்றைக்குக் காலையில் சேர்மனைக் குளிப்பாட்டினார். அதன் காதுக்குப் பின்னால் மஞ்சள் தேய்த்தார்.

"காரை வித்துட்டுச் சேர்மனை வச்சுக்கிடுங்களேன்."

"காரு இல்லாம நான் எப்படி ஆள் ஏத்துவேன்?"

"சேர்மன் மேல ஏத்துங்க."

"கூறுகெட்டவளே, அவன்கிட்ட அஞ்சு சீட்டா இருக்கு?"

மதினி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சா இவன் வீட்டுக்கு வந்துருவான்லா?"

"ரெண்டாயிரத்துக்கு டைனமோவோட போட்டோதான் தருவாவ."

நான் பக்கத்து வீடு. கோவில்பட்டி நூலகத்தில் இரண்டு கவிதைப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். ஏறின பிறகுதான் எனக்கு அதில் ஒரு வேலையும் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது.

பேட்டரியை இரவெல்லாம் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து மாட்டிய பரமசிவன், ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னான்: "ஐம்பது கிலோமீட்டர். தாங்கும். ஆனா லைட் போடாதீங்க, பாட்டுப் போடாதீங்க, ஹாரன் அடிக்காதீங்க. முக்கியமா எஞ்சினை நிறுத்திராதீங்க. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது."

"ஹாரன் இல்லாம எப்படில போறது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்தது நான்தான்.

ஊர் எல்லையில் முதல் சைக்கிள் வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கொஞ்சம் ஓரம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கொழுந்தனாரே, இது லைப்ரரி இல்ல" என்றார் பின்சீட்டிலிருந்து மதினி. "அடிவயித்துல இருந்து வரணும். இந்தா பாருங்க." அவர் எனக்கு மேலாகக் குனிந்து "ஏலேய், ஓரம்!" என்று விட்ட சத்தத்தில் சைக்கிள்காரர் கடலைக்காட்டுக்குள் இறங்கி நின்று கும்பிட்டார்.

விளாத்திகுளம் வரும்போது நான் நடுத்தரமாகக் கத்தப் பழகியிருந்தேன். விளாத்திகுளம் தாண்டும்போது எனக்கு அது பிடித்துவிட்டது. எதிரே யாரும் இல்லாத ரோட்டில், இரண்டு பக்கமும் அறுத்துமுடித்த கரிசலைப் பார்த்து, தேவையே இல்லாமல் "ஓரம்!" என்று ஒன்று விட்டேன். வெடிப்பு விட்ட மண் அதையும் வாங்கி வைத்துக்கொண்டது. அண்ணாச்சி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "பேட்டரியை மிச்சம் பிடிங்க தம்பி" என்றார்.

எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் ரோடு முழுக்க ஆடு. யாருடைய மந்தையோ குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன். மதினி கத்தினார். ஆடுகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார், எஞ்சின் இருமியது.

"நிறுத்திராதீங்கய்யா!"

"நான் எங்க நிறுத்துதேன், அதுவா நிக்கப் பார்க்கு!"

ஆக்சிலேட்டரைக் காலால் தடவிக்கொடுத்து, நாக்கைச் சொடுக்கி, "பைய, பைய" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, மதினியின் மடிமேல் முன்னங்கால் வைத்து நின்ற சேர்மன், பின் ஜன்னலில் தலையை நீட்டி, "ம்ம்மே" என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவது மாதிரி ஒரே ஒரு தரம்.

மந்தை அப்படியே நின்றது. தலைகள் நிமிர்ந்தன. ரோடு இரண்டாகப் பிளந்து வழி விட்டது. நாங்கள் நுழைந்தோம். பிளந்த மந்தை மறுபடி சேர்ந்தது, எங்களுக்குப் பின்னால். அறுபது எழுபது ஆடு, ஆம்னியைத் தொடர்ந்து, கோவில்பட்டியை நோக்கி ஓடி வந்தது.

"ஏலே! யாருல அது, எம்ம ஆட்டைப் பத்திட்டுப் போறது!" மந்தைக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

"நாங்க பத்தல அண்ணாச்சி!" என்று கடற்கரை தலையை வெளியே நீட்டிக் கூவினார். "அவியளாத்தான் வாராவ!"

சேர்மனின் தலையை மதினி முந்தானையால் மூடிய பிறகுதான் ஆடுகளுக்குத் தெளிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"பாத்தீங்களா" என்றார் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஊர்பேர் தெரியாத ஆடெல்லாம் இவன் பின்னால வருது. நீங்க விக்கப் போறீங்க."

அண்ணாச்சி நாக்கைச் சொடுக்கி வண்டியை விரட்டினார்.

எபநேசர் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. வாசலில் சங்கிலிப்பாண்டி மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார். சேர்மன் இறங்கியதும் எழுந்து, முதுகில் கைவைத்து அமுக்கிப் பார்த்து, "தங்கம்" என்றார். மதினி அவரை முறைத்தார்.

கடைக்குள் ஒரு காலண்டர். தோளில் ஒரு ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கிற மேய்ப்பர் படம். அண்ணாச்சிக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். எப்போது போனாலும் ஒரு நிமிஷம் பார்ப்பார். "பிடி சரியா இருக்கு" என்பார். "நாலு காலையும் சேர்த்துப் பிடிச்சிருக்காரு. மந்தைக்காரர்தான்."

எபநேசர் வண்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "உமக்கு யோகம் அண்ணாச்சி. ஆம்னிக்கு ஒண்ணே ஒண்ணு கிடக்கு. கம்பெனிச் சாமான். பிரிச்சுச் சுத்தம் பண்ணிச் சாயம் அடிச்சு வச்சிருக்கேன்" என்று உள்ளேயிருந்து ஒரு டைனமோவைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். வெள்ளிச் சாயத்தில், சின்னப் பூசணிக்காய் மாதிரி மின்னியது. "நாலாயிரத்து ஐநூறு" என்று பில்லும் எழுதிக் கிழித்து வைத்துவிட்டார்.

அண்ணாச்சி தோளிலிருந்து துண்டை எடுத்தார். "விலையை இப்படி வாய்விட்டுச் சொல்லலாமா? கையைக் கொடும்."

"கையா?"

ஆட்டுச் சந்தையில் விலை பேசுவது துண்டுக்குள்தான். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணாச்சி வாழ்நாளில் எதையும் வேறு விதமாகப் பேரம் பேசியதில்லை. சட்டைத்துணி எடுக்கப் போனாலும் துண்டுதான்.

மேசைமேல் இருந்த டைனமோவோடு சேர்த்து இரண்டு கைகளையும் துண்டு மூடியது. அண்ணாச்சி எபநேசரின் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார்.

"கூசுது வே!" எபநேசர் நெளிந்தார்.

"ரெண்டு."

"ரெண்டுக்கு ஆகாது. நாலரை."

"நாலரையை விரல்ல காட்டும்."

எபநேசர் துண்டுக்குள் நாலு விரலை நீட்டி ஐந்தாவதை மடக்கினார் போல. கை இடறி எங்கேயோ போயிற்று. அண்ணாச்சியின் கை அதைத் தேடியது. துண்டு புடைத்தது, அடங்கியது, மறுபடி புடைத்தது. வாசலில் சங்கிலிப்பாண்டி, "அய்யோ, இவருக்கு விரல் பிடிக்கத் தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திடீரென்று துண்டு அசையாமல் நின்றது.

அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். ஆட்டின் காதைத் தடவும்போது எப்படி மூடுவாரோ அப்படி.

"எபநேசர் அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "இது நம்ம வீட்டு உருப்படி."

துண்டை எடுத்தார். டைனமோவின் ஓரத்து வளையத்தில், வெள்ளிச் சாயம் தடித்து அடைத்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். சாயம் பெயர்ந்தது. அரை விரல் இடைவெளியில் இரண்டு வெட்டு.

மதினி "ஆத்தாடி" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கடையில்தான் வண்டியோடு வந்த முதல் டைனமோவைக் கழற்றி வேறு மாட்டினார்கள். பழையதை எடுத்துக்கொண்டு ஐநூறு ரூபாய் கழித்துக் கொடுத்திருந்தார் எபநேசர்.

"அப்படின்னா நான் விலைக்கு வாங்கினதுதானே?" எபநேசர் சிரித்தார். "அதோட, ரெண்டு வெட்டு எதுல வேணும்னாலும் இருக்கும். எங்கயாவது இடிச்சிருக்கும்."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். துண்டின் ஓரத்தை விரித்தார். செல்போன், ரேஷன் கார்டு. ஒன்றன் பக்கத்தில் ஒன்று. பிறகு வெளியே போய்ச் சேர்மனை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசைமேல் நிறுத்தி, அதன் இடது காதை டைனமோவின் பக்கத்தில் பிடித்தார்.

"இப்பம் சொல்லும். இதுவும் இடிச்சதா?"

எபநேசர் காதைப் பார்த்தார், டைனமோவைப் பார்த்தார். சேர்மன் அந்த நாலாயிரத்து ஐநூறு ரூபாய்ப் பில்லை எடுத்து மெல்ல ஆரம்பித்தது. யாரும் தடுக்கவில்லை.

"சரி, உம்மதுதான். ஆனா ஐநூறு வாங்கினீர்லா?"

"நீரு என்ன சொல்லி வாங்கினீரு? காயில் கருகிருச்சு, செத்துப்போச்சுன்னு சொன்னீரு. செத்த ஆட்டுக்குள்ள விலைதான் ஐநூறு. இது உசுரோட இருக்கே!"

"உசுரு கொடுத்தது யாரு வே? புதுக் காயில் கட்டி, பேரிங் மாத்தி, கார்பன் போட்டு..."

"அப்பம் மந்தை வழக்குப்படி பேசுவோம்." அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பினார். "சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. காணாமப்போன ஆடு அடுத்தவன் மந்தையில கிடைச்சா என்ன வழக்கு?"

கடலைமிட்டாய் வாயில் நின்றது. சங்கிலிப்பாண்டி சேர்மனைப் பார்த்தார். அதன் முதுகை மறுபடி பார்த்தார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"காதுல அடையாளம் இருந்தா..." என்று ஆரம்பித்து, இருமி, கடலைமிட்டாயை விழுங்கி, மறுபடி ஆரம்பித்தார். "அடையாளம் இருந்தா ஆட்டைக் கொடுத்துரணும். வச்சிருந்தவனுக்குத் தீவனச் செலவு, வைத்தியச் செலவு. அவ்வளவுதான். விலை பேசப்படாது." சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிள் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "எம்ம வாயால சொல்ல வச்சுட்டீரே வே!"

எபநேசர் நிமிர்ந்தபோது நேரெதிரே காலண்டர் இருந்தது. தோளில் குட்டியோடு மேய்ப்பர். எபநேசர் அவரைப் பார்த்தார். பிறகு மேசைமேல் பில் மென்றுகொண்டிருந்த கிடாவைப் பார்த்தார். அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். கடைசியில்தான் சத்தம் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எழுதிக்கிடும்" என்றார் மூச்சு வாங்க. "காயில் தொள்ளாயிரம். பேரிங் நானூறு. கார்பன் நூத்தைம்பது. மாட்டுற கூலி முந்நூறு."

மதினி விரல்விட்டு எண்ணுவது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. "ஆயிரத்து எழுநூத்தைம்பது!" என்று அவர் கத்தியதில் தெருவில் போன ஆட்டோ ஒன்று ஓரம் ஒதுங்கியது.

அரை மணி நேரத்தில் டைனமோ தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. பக்கத்துப் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துச் சாவியைத் திருப்பினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

கழற்றிப் போட்டதைக் காலால் நகர்த்தி, "இது இங்கன கிடக்கட்டும், ஐநூறு தாரேன்" என்றார் எபநேசர்.

"முதல்ல சொல்லும். உசுரு இருக்கா, செத்துப்போச்சா?"

எபநேசர் வாயைத் திறந்தார். காலண்டர் பக்கம் பார்த்தார். "தெரியல அண்ணாச்சி. பிரிச்சுப் பார்க்கணும்."

"அப்பம் ஐநூறு வேண்டாம். மேய்ச்சலுக்கு விட்டுட்டுப் போறேன்." குனிந்து அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, மாட்டிய அன்றைக்கே தான் போட்ட இரண்டு வெட்டும் இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

சங்கிலிப்பாண்டி வேன் ஜன்னல் வரைக்கும் வந்தார். மிச்சமிருந்த கடலைமிட்டாயைச் சேர்மனின் வாயில் வைத்தார். "பதவியை நீட்டிச்சாச்சு, போ" என்றார். மதினி அவருக்குக் கும்பிடு போட்டார். "சினை ஆடெல்லாம் ஈனட்டும் அண்ணாச்சி. முத விலை உங்களுக்குத்தான்."

நான் நூலகத்துக்குப் போக மறந்துபோனேன். எட்டயபுரம் ரோட்டில் திரும்பியதும் கத்துவதற்கு ஜன்னலில் தலையை நீட்டினேன். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"உங்க வேலை முடிஞ்சுது தம்பி."

ஹாரனில் கை வைத்தார். எடுக்கவில்லை. எதிரே வண்டி இருந்தாலும் அடித்தார், இல்லாவிட்டாலும் அடித்தார். காலையில் ஆடு வந்த வளைவில் நின்று நிதானித்து, யாருமில்லாத கரிசலுக்கு ஒன்று அடித்தார். ஒவ்வொரு ஹாரனுக்கும் பின்சீட்டிலிருந்து சேர்மன் எழுந்து நின்று பதில் சொன்னது.

விளாத்திகுளத்தில் மதினி அவர் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"போதும்யா, கையை எடுங்க! பதில் சொல்லிச் சொல்லி இவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நாளைக்கு முப்பத்தேழு ஆட்டுக்கும் யாரு உத்தரவு போடுவா?"